பாக்டீரியா தயாரிக்கும் மனிதப் புரதம்... குப்பிக்கும் குழந்தைக்கும் இடையே எவ்வளவு தூரம்?

சுண்டு விரல் உயரம்தான் இருக்கும் அந்த பிளாஸ்டிக் குப்பி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரே ஒரு சொட்டு நீர் தெரியும். அந்தச் சொட்டுக்குள் இருப்பது மனித உடலின் புரதம். ஆனால், எந்த மனிதரிடமிருந்தும் எடுத்தது அல்ல. பாக்டீரியாவை வைத்துத் தயாரித்தது. மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில் தூங்கும் அந்தக் குப்பியின் லேபிளில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அந்தப் புரதத்தின் பெயர் ஃபிரடாக்ஸின். நம் ஒவ்வொருவரின் செல்லுக்குள்ளும் அது சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது குறைந்துபோனால், ஓடியாடித் திரிந்த குழந்தை தடுமாற ஆரம்பிக்கும். 

தன் பிள்ளைக்கு ஒரு புரதம் குறைவு என்று தெரிந்துகொண்ட எந்தப் பெற்றோரும் அன்றிரவே மொபைலில் தேடத்தான் செய்வார்கள். தேடினால், அதே புரதத்தைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள் என்ற விவரம் வந்து நிற்கும். 'இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, இதை வாங்கி ஊசியாகப் போட்டால் சரியாகிவிடாதா?' என்று மனம் பதறும். நியாயமான கேள்வி. அதற்கு இன்றைய பதில், 'முடியாது' என்பதுதான். ஆனால், ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொண்டால், எது முடியும் என்பதும் புரியும்.

கண்ணை மூடினால் கால் எங்கே?

கண்களை மூடிக்கொண்டு உங்கள் கட்டைவிரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். சரியாகத் தொட்டுவிடுவீர்கள். கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்ற தகவல் நரம்புகள் வழியே மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இருட்டிலும் நம்மால் மாடிப்படி ஏற முடிகிறது.

இந்தத் தகவலைச் சுமக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் வாழ்ந்த நிக்கோலஸ் ஃப்ரீட்ரைக் என்ற மருத்துவர் 1863-ல் அதை முதன்முதலாக விவரித்தார். அவர் பெயராலேயே அது 'ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா' எனப்படுகிறது. அட்டாக்ஸியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கின்மை என்று பொருள்.

பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் இது தலைகாட்டும். நன்றாக ஓடிய பிள்ளை, ஓடும்போது அடிக்கடி விழும். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடும். கையெழுத்து கோணலாகும். பேச்சு குழறும். பாதத்தின் வளைவு அதிகமாகும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும். சிலருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். பலருக்கு இதயத் தசை தடித்துப்போகும். இந்த நோயில் உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் இதயம்தான்.

இதில் ஒரு கொடுமை உண்டு. புத்திக்கூர்மை பெரும்பாலும் அப்படியே இருக்கும். தன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு முழுவதுமாகத் தெரியும். ஆனால், சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாது. 'பார்த்து நடடா' என்று வீட்டிலும், 'ஒழுங்கா எழுது' என்று பள்ளியிலும் திட்டு விழும்.

அம்மா மட்டும் காரணமா?

காரணத்தைக் கண்டுபிடிக்க 133 ஆண்டுகள் ஆயின. 1996-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர விஞ்ஞானிகளை உள்ளடக்கிய சர்வதேசக் குழு, 9-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் சிக்கல் என்று கண்டறிந்தது. அந்த மரபணு சொல்லித்தரும் புரதத்துக்குத்தான் ஃபிரடாக்ஸின் என்று பெயர்.

மரபணு என்பது சமையல் குறிப்பு என்றால், இந்தக் குறிப்பின் நடுவே 'ஜி.ஏ.ஏ' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அது 30 முறைக்கு மேல் போவது அபூர்வம். நோயாளிகளுக்கோ நூற்றுக்கணக்கான முறை, சிலருக்கு 1,000 முறைக்கும் மேல் இருக்கும். ஒரே வார்த்தை பக்கம் பக்கமாக நீண்டால் படிப்பவர் என்ன செய்வார்? திணறிப் பாதியில் விட்டுவிடுவார். செல்லும் அப்படித்தான். குறிப்பில் சொல்லப்பட்ட புரதம் தவறானது அல்ல. ஆனால், மிகக் குறைவாகவே தயாராகிறது.

ஃபிரடாக்ஸின் வேலை செய்யும் இடம், செல்லின் மின் நிலையம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியா. அங்கே இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சிறு சிறு கொத்துகளாகக் கட்டும் வேலை நடக்கிறது. சக்தி தயாரிக்கும் இயந்திரங்களுக்கு இந்தக் கொத்துகள் உதிரி பாகங்கள் மாதிரி. அந்த வேலையை முடுக்கிவிடும் மேஸ்திரிதான் ஃபிரடாக்ஸின். மேஸ்திரி இல்லாவிட்டால் வேலை மந்தமாகும். பயன்படாத இரும்பு உள்ளேயே தேங்கும். சக்தி அதிகம் கேட்கும் நரம்பும் இதயமும்தான் முதலில் அடிவாங்கும்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 'மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்துதான் வருகிறது, அப்படியானால் இந்த நோயும் அம்மா வழிதான்' என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டி.என்.ஏ இருப்பதும், அது தாய்வழியாக வருவதும் உண்மை. ஆனால், அதில் இருப்பது 37 மரபணுக்கள் மட்டுமே. அவை 13 புரதங்களைத்தான் தரும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் 1,100-க்கும் மேற்பட்ட புரதங்களில் மற்றதெல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களின் சொற்படி வெளியே தயாராகி, பிறகு உள்ளே அனுப்பப்படுபவை. ஃபிரடாக்ஸினும் அப்படி வெளியிலிருந்து போவதுதான்.

அதனால், இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தாக வேண்டும். இருவருமே ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்துகொள்ளும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல.

பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் பெற்றோருக்கு ஃபிரடாக்ஸின் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஆனாலும், அவர்கள் ஆரோக்கியமாகவே வாழ்கிறார்கள். இது விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த பெரிய நம்பிக்கை. நோயாளியின் புரத அளவை நூறு சதவிகிதத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பாதிக்குக் கொண்டுபோனாலே போதும்!

பாக்டீரியா செய்யும் சமையல்

சரி, அந்தக் குப்பிக்கு வருவோம். மனிதப் புரதத்தைப் பாக்டீரியா எப்படித் தயாரிக்கும்?

சமையல் குறிப்பை எழுதும் மொழி, மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றுதான். அதனால், மனித மரபணுவின் வாசகத்தை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தால், அதுவும் படித்து அதே புரதத்தைச் செய்துவிடும். இரண்டு வேறு இடங்களின் டி.என்.ஏ-வைச் சேர்த்துச் செய்வதால், இப்படிக் கிடைப்பதை 'ரீகாம்பினன்ட்' புரதம், அதாவது மறுசேர்க்கைப் புரதம் என்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின் 1978-ல் இந்த முறையில்தான் முதலில் தயாரானது. 1982-ல் அமெரிக்காவில் மருந்தாகவும் அனுமதி பெற்றது.

ஆய்வகத்தில் நடப்பதைக் கேட்டால் சமையல் மாதிரியே இருக்கும். மரபணு ஏற்றிய பாக்டீரியாவை ஈஸ்ட் சாறும் உப்பும் கலந்த குழம்பு போன்ற திரவத்தில் போட்டு, 37 டிகிரி வெப்பத்தில் குலுக்கிக்கொண்டே வளர்ப்பார்கள். நல்ல சூழலில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சில மணி நேரத்தில் திரவம் புளித்த மாவுத் தண்ணீர் போலக் கலங்கிவிடும். அப்போது சர்க்கரையைப் போன்ற ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அதுதான் சுவிட்ச். அது பட்டதும் பாக்டீரியா மனிதப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கும்.

அடுத்து, பாக்டீரியாவைச் சேகரித்து, ஐஸில் வைத்து, ஒலி அதிர்வால் உடைப்பார்கள். இப்போது ஆயிரக்கணக்கான பாக்டீரியா புரதங்களுக்கு நடுவே நம் புரதம் கலந்து கிடக்கும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது போலத்தான். அதனால், முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருப்பார்கள். புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை வரிசையாகக் கோத்துவிடுவார்கள். இந்த வால் நிக்கல் உலோகத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசிய சிறு மணிகள் நிரப்பிய குழாயில் கலவையை ஊற்றினால், நம் புரதம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றவை வழிந்து ஓடிவிடும். பிறகு, வேறொரு கரைசலால் அதைக் கழற்றி எடுக்க வேண்டியதுதான்.

சுத்தமாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஜெல் பலகையில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டு, கூமாசி நீலம் என்ற சாயத்தில் தோய்ப்பார்கள். கம்பளித் துணிக்கு நிறமேற்ற உருவாக்கப்பட்ட சாயம் அது. இன்றைய கானா நாட்டின் குமாசி நகரத்தின் பெயரைத் தாங்கியது. பலகையில் சரியான இடத்தில் ஒரே ஒரு நீலக் கோடு விழுந்தால், இரண்டு மூன்று நாள் உழைப்பு பலித்தது என்று அர்த்தம்.

ஒரு சொட்டு, பல வேலை

இப்படிக் கிடைக்கும் புரதம் மைக்ரோகிராம் கணக்கில்தான் விற்கப்படுகிறது. ஒரு குப்பியில் 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையின் எடைக்கு அப்படி 5,000 குப்பிகள் வேண்டும். இவ்வளவு குறைவான பொருளை வைத்து என்ன செய்ய முடியும்?

முதலாவது, அது ஓர் எடைக்கல். மளிகைக் கடைத் தராசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சரியான எடைக்கல் இல்லாவிட்டால் பயனில்லை. நோயாளியின் ரத்தத்தில் ஃபிரடாக்ஸின் எவ்வளவு இருக்கிறது, புதிய மருந்து கொடுத்த பிறகு கூடியதா என்று அளக்க, அளவு தெரிந்த சுத்தமான புரதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும்.

இரண்டாவது, அதன் வடிவத்தைப் பார்க்கலாம். 2000-ம் ஆண்டிலேயே பாக்டீரியாவில் தயாரித்த மனித ஃபிரடாக்ஸினைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் மூலம் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தார்கள்.

மூன்றாவது, அதை வேலை வாங்கிப் பார்க்கலாம். இரும்பு, கந்தகம், கூட வேலை செய்யும் மற்ற புரதங்கள் எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டு, ஃபிரடாக்ஸின் இருக்கும்போது கொத்து கட்டும் வேகம் எவ்வளவு, இல்லாதபோது எவ்வளவு என்று அளக்கலாம். சில நோயாளிகளுக்கு ஒரு பிரதியில் 'ஜி.ஏ.ஏ' நீளமும், இன்னொரு பிரதியில் எழுத்துப் பிழையும் இருக்கும். அந்தப் பிழையோடுகூடிய புரதத்தையும் இதே முறையில் தயாரித்து, அது எங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம். ஃபிரடாக்ஸின் ஒரு மேஸ்திரி என்று மேலே படித்தீர்களே, அது இப்படித்தான் தெரியவந்தது. 

அப்படியே ஊசி போட்டால் என்ன?

இன்சுலினைப் பாக்டீரியாவில் தயாரித்து ஊசி போடுகிறோம். ஃபிரடாக்ஸினை ஏன் போடக் கூடாது?

இன்சுலின் செல்லுக்குள் போக வேண்டியதில்லை. வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்தினால் போதும், மீதி வேலையைச் செல் பார்த்துக்கொள்ளும். ஃபிரடாக்ஸினோ வீட்டுக்குள் நுழைந்து, உள் அறைக்குள்ளும் நுழைந்து, அங்கே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியது. வழியில் மூன்று சுவர்கள். செல்லின் சவ்வு ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு, உள்சவ்வு என்று இன்னும் இரண்டு. ரத்தத்தில் ஊற்றிய வெறும் புரதத்தால் முதல் சுவரைக்கூடத் தாண்ட முடியாது.

செல் தயாரிக்கும் ஃபிரடாக்ஸின் 210 அமினோ அமிலங்கள் நீளம். அதன் முன்பகுதி ஒரு நுழைவுச்சீட்டு. அதைக் காட்டித்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும். நுழைந்ததும் வாசலில் டிக்கெட் கிழிப்பதுபோல, ஒரு நொதி அந்தப் பகுதியை இரண்டு தவணையாக வெட்டிவிடும். மிஞ்சும் 130 அமினோ அமிலங்கள்தான் வேலை செய்யும் புரதம். ஆய்வகக் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது இந்த வெட்டிய வடிவம்தான். அதாவது, நுழைவுச்சீட்டு இல்லாதது!

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஈ.கோலையின் மேலுறையில் இருக்கும் ஒரு நச்சுப் பொருள், சிறிதளவு ரத்தத்தில் கலந்தாலும் காய்ச்சலை உண்டாக்கும். கூடினால் உயிருக்கே ஆபத்து. மருந்தாகத் தயாரிக்கும்போது அதை நீக்கி, சோதித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் சான்று தருவார்கள். ஆய்வகக் குப்பி அந்தத் தரத்துக்காகத் தயாரிக்கப்படுவதே இல்லை. லேபிளில் இருக்கும் எச்சரிக்கை சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல.

வால் முளைத்த புரதம்

ஆனால், விஞ்ஞானிகள் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடவில்லை. எய்ட்ஸை உண்டாக்கும் ஹெச்.ஐ.வி வைரஸில் 'டாட்' என்ற ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும் திறமை அதற்கு உண்டு என்று 1988-ல் கண்டறிந்தார்கள். நோயைத் தராத அதன் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, நுழைவுச்சீட்டோடுகூடிய முழு ஃபிரடாக்ஸினின் முன்னால் ஒட்டினால்?

டாட் துண்டு முதல் சுவரைத் தாண்ட வைக்கும். நுழைவுச்சீட்டு அடுத்த இரண்டு சுவர்களையும் தாண்ட வைக்கும். உள்ளே போனதும் வழக்கமான நொதி சீட்டை வெட்டும்போது, அதோடு சேர்ந்து டாட் துண்டும் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது அசல் ஃபிரடாக்ஸின் மட்டும்! 

2012-ல் வெளியான ஆய்வில், ஃபிரடாக்ஸின் இல்லாமல் செய்யப்பட்ட எலிகளுக்கு இந்தக் கூட்டுப் புரதத்தைக் கொடுத்தபோது அவற்றின் இதயம் மேம்பட்டது, ஆயுளும் நீண்டது. அதே யோசனையில் உருவான 'நோம்லாபோஃபஸ்ப்' என்ற மருந்து, தோலுக்கடியில் போடும் ஊசியாக மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்டு வருகிறது. பரிசோதனையில் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதும் பதிவாகியிருக்கிறது. பாதை திறந்திருக்கிறது. ஆனால், கல்லும் முள்ளும் இன்னும் இருக்கின்றன.

நல்ல மரபணுவையே உடலுக்குள் செலுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. அதிலும் ஒரு பாடம். எலிகளில் ஃபிரடாக்ஸின் மிக அதிகமாகச் சுரந்தபோது இதயம் பாதிக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் சொன்னது மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பொருந்துகிறது. எவ்வளவு போதும், எவ்வளவு அதிகம் என்று அளக்கவும் அந்த எடைக்கல் வேண்டும்.

இன்று நம் கையில் இருப்பது என்ன?

இந்த நோய்க்கான முதல் மருந்துக்கு, மரபணு கண்டறியப்பட்டு 27 ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 'ஒமாவெலாக்ஸோலோன்' என்ற அந்த மருந்து 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. அது நோயை முற்றிலும் குணப்படுத்தாது. நோய் முற்றும் வேகத்தைத் தணிப்பதற்கானது. 133 ஆண்டுகள் காரணமே தெரியாமல் கிடந்த நோய்க்கு இது சின்ன விஷயம் அல்ல.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை அடிக்கடி விழுகிறது, இருட்டில் தடுமாறுகிறது, கையெழுத்து மாறுகிறது என்றால் திட்டாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதே அறிகுறிகள் சிகிச்சையில் சரியாகும் வேறு காரணங்களாலும் வரலாம். உதாரணமாக, வைட்டமின் ஈ குறைபாட்டால் வரும் ஒரு வகை அட்டாக்ஸியா, பார்ப்பதற்கு இந்த நோய் மாதிரியே இருக்கும். காலத்தோடு கண்டுபிடித்தால் வைட்டமின் கொடுத்தே அதைக் கட்டுப்படுத்தலாம். ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியாவா என்பதை ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையில் உறுதிசெய்யலாம்.

உறுதியானால், இதயத்தையும் சர்க்கரை அளவையும் முதுகெலும்பையும் தவறாமல் கண்காணிக்க வேண்டும். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் பிள்ளை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் காலத்தை நீட்டிக்க உதவும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மரபியல் ஆலோசனை பெறலாம். முக்கியமாக, இணையத்தில் பார்க்கும் ஆய்வகக் குப்பியையோ, 'மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்தி' என்று விளம்பரம் செய்யும் பொடியையோ மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அந்தக் குப்பி உங்கள் பிள்ளைக்கான மருந்து அல்ல. ஆனால், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று நாளை யாரோ ஒருவர் அளக்கும்போது, தராசின் மறுதட்டில் இருக்கப்போவது அதற்குள் இருக்கும் அந்த ஒரு சொட்டுதான்.